வாசகர் கேள்விகள்: தொற்றுக்காலத்தில் அரசின் கையில் இருக்க வேண்டியது தடியா?

கேள்வி: கொரோனா ஊரடங்கின்போது காவலர்களின் தடிக்குப் பயந்துதான் எங்கள் பகுதி மக்கள் வீட்டுக்குள் இருந்தார்கள் என்கிறார் என் அண்ணன். இன்னொரு தொற்று வந்தால் அரசு முதல் நாளிலிருந்தே இன்னும் கடுமை காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. பயமுறுத்தாமல் மக்களைக் கேட்கவைக்க முடியாதா?
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. 2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு, நான்கே மணி நேரத்தில் நடைமுறைக்கு வந்த ஊரடங்கில் தெருக்கள் வெறிச்சோடியதற்குக் காவல்துறை மீதான அச்சமும் ஒரு காரணம். ஆனால், காய்ச்சல் கண்டவர் தாமாக முன்வந்து அதைச் சொன்னால்தான் தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க முடியும். அச்சம் முதலில் அடைப்பது அவருடைய வாயைத்தான்.

இதை மும்பை 1896-லேயே அனுபவித்திருக்கிறது. மாண்ட்வி பகுதியில் பிளேக் தலைகாட்டியதும், நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நகராட்சி முனைந்தது. மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள்; ஊரைவிட்டு ஓடினார்கள்; நோயும் அவர்களுடனேயே போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையையே தாக்கினார்கள். 1897-இல், நோயைத் தடுக்க அரசுக்குத் தனி அதிகாரங்கள் தரும் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் படைவீரர்கள் வீடு வீடாக நுழைந்து சோதனையிட்டார்கள். அந்தக் கசப்பு முற்றி, ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகளுக்குப் பிளேக் அடங்கவில்லை. அந்தந்தச் சமூகத்தார் தங்கள் மருத்துவமனைகளைத் தாங்களே நடத்த இடம் கொடுத்தபோதுதான், மருத்துவமனைக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டோம் என்ற பீதி ஓரளவு தணிந்தது.

இனி உங்கள் தாராவிக்கு வருவோம். ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் இடத்தில், 2020 ஏப்ரல் 1 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டில் 'விலகி இருங்கள்' என்ற கட்டளைக்குப் பொருளே இல்லை. பெரும்பாலோர் பொதுக்கழிப்பறையை நம்பி இருக்கையில் 'வெளியே வராதீர்கள்' என்பதும் அப்படித்தான். மாநகராட்சி இதைப் புரிந்துகொண்டது என்பதே என் கணிப்பு. கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநாசினியால் கழுவினார்கள். மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான தனியார் மருத்துவர்களைப் பாதுகாப்பு உடையோடு வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க அனுப்பினார்கள். பள்ளிகளும் மண்டபங்களும் விளையாட்டு வளாகமும் சாப்பாட்டுடன் கூடிய தனிமை மையங்களாயின. ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

மகனின் காய்ச்சலை மறைக்கும் தாய் விவரம் அறியாதவர் அல்லர். சொன்னால் கூலி போகும், அண்டை வீட்டார் முகம் திருப்புவார்கள், மகனை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது என்று அவர் கணக்குப் பார்க்கிறார். சொல்பவருக்குச் சோறும் சிகிச்சையும் மகனைப் பற்றிய செய்தியும் உறுதி என்றால் அந்தக் கணக்கு மாறும். அபராதச் சீட்டால் அது மாறாது. 2020 ஏப்ரல் 14 அன்று பாந்த்ரா ரயில் நிலையத்தருகே ஆயிரக்கணக்கான புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் ஊர் திரும்பக் கோரித் திரண்டதை நினைத்துப் பாருங்கள். அவர்களைச் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று பழித்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2020 ஏப்ரலில் அந்தப் பழைய கொள்ளைநோய்ச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் மிகவும் தேவையான ஒன்று. அரசின் கடுமை அப்படிப்பட்ட இடத்தில்தான் வெளிப்பட வேண்டும்.

கேள்வி: அப்படியானால், இரண்டு தடுப்பூசியும் போட்டால்தான் லோக்கல் ரயில் என்று சொன்னது தவறா?
– ஒரு வாசகர், சயான், மும்பை

பதில்: நோக்கம் தவறில்லை, காலம்தான் தவறு. இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் கடந்தவர்களுக்கே பயணம் என்ற விதி 2021 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. 18 வயது முதல் 44 வரையிலானவர்களுக்கு மே மாதத்தில்தான் ஊசி திறந்துவிடப்பட்டது. தட்டுப்பாட்டால் மகாராஷ்டிரம் அதை அந்த மாதமே நிறுத்தியும் வைத்தது. கோவிஷீல்டின் இரண்டு ஊசிகளுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, போட விரும்பியும் கிடைக்காத இளந்தொழிலாளிதான் ரயிலை இழந்தார். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், பொதுநலனுக்காக விதிக்கும் கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அந்த அளவுகோலை நான் முழுமனதாக ஏற்கிறேன். வேலை முடிந்து இரவில் திரும்புபவரும் போட்டுக்கொள்ளும்படி ரயில் நிலைய வாசலிலேயே ஊசி மையங்களைத் திறந்து, அவை சில மாதங்கள் இயங்கிய பிறகு இந்த நிபந்தனையை விதித்திருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.