வீடியோ கேம்களில் காதல் ஏன் பரிசுக் கணக்காகவே இருக்கிறது?

பரிசு கொடுத்துக் கொடுத்தே காதலைச் சம்பாதிப்பதாகத்தான் எல்லா கேம்களும் இருக்கின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். கணினிக்கு எண்களைக் கொண்டு கணக்கு வைப்பது எளிது என்பதால், 1994இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட டோகிமெக்கி மெமோரியல் என்ற காதல் கேம் காலத்திலிருந்தே அன்பு ஓர் அளவாகப் பதிவாகிவருகிறது. ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமில் (2016) ஊர்க்காரர் ஒருவருக்கு வழக்கமாக வாரம் 2 பரிசுகள் தரலாம். அவருடைய அன்பைக் காட்டும் இதயக் குறிகளில் 8 நிறைந்தால் பூங்கொத்து கொடுத்துக் காதலைச் சொல்லலாம், 10 நிறைந்தால் திருமணப் பதக்கம் கொடுத்து மணம் கேட்கலாம். எதிரில் இருப்பவருக்கென்று தனி மனம் இருப்பதாகவே இதில் தோன்றுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஆனால், 2018இல் வெளிவந்த ஃபுளோரன்ஸ் என்ற கேமை அவசியம் விளையாடிப் பாருங்கள். வேளச்சேரியிலிருந்து கடற்கரைக்குப் பறக்கும் ரயிலில் போகும் நேரத்திலேயே போனில் முடித்துவிடலாம். நாயகி ஃபுளோரன்ஸும் கிரிஷ் என்ற இளைஞனும் முதன்முதலாகப் பேசும்போது, அவளுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் ஜிக்சா புதிர்போலப் பல துண்டுகளைப் பொருத்தி நாமே உருவாக்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைந்து பேச்சு தானாக வருகிறது, சண்டையிலோ அதே துண்டுகளின் ஓரங்கள் கூர்மையாகிவிடுகின்றன. அவன் குடிவரும்போது அலமாரியில் யாருடைய பொருளை வைப்பது, யாருடையதை எடுப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். அங்கே மதிப்பெண் எதுவும் கிடையாது.