கடலுக்குப் போகும் வழியில் கேட் போட்டால்

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர் எங்களுடையது. ரோட்டிலிருந்து கடலுக்குச் சவுக்குத் தோப்பு வழியாக ஒரு மண் பாதை இருந்தது. மாட்டு வண்டியே போகும். தோப்பை வாங்கிய கம்பெனி வில்லா கட்டி, கடற்கரைப் பக்கத்தை 'மேம்படுத்தி'யிருக்கிறது. பழைய பாதையில் இப்போது சுவர். பதிலுக்கு வளாகத்தின் ஓரமாக நாலடி அகலத்தில் கிரானைட் நடைபாதை, முடிவில் ஐந்து படி, கேட், வாட்ச்மேன். காலை 6 முதல் மாலை 6 வரை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாமாம். வீட்டுக்கு 5,000 ரூபாய் கொடுத்தால் கம்பெனியிடம் 'நிரந்தரப் பாதை உரிமைப் பத்திரம்' வாங்கித் தருவதாக ஊரில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

அது பொதுவழி என்றால், கம்பெனி அதை உங்களுக்கு எழுதித் தர முடியாது. தன்னுடையது இல்லாததை எப்படித் தருவது? கம்பெனியின் பட்டா நிலம் என்றால், பதிவு செய்யாத முத்திரைத்தாளை நாளைக்கு வில்லா வாங்குகிறவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நகரமைப்புத் துறையில் இருந்த காலத்தில் இந்த மாதிரித் தாள்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் சர்வே எண்கூட இல்லை. 'மேற்படி பாதை' என்று இருந்தது. மேலே எந்தப் பாதையும் சொல்லப்படவில்லை. அதற்கு அறுபது குடும்பம் பணம் கட்டியிருந்தது.

அடுத்தது, அந்த நோட்டு. இன்றே கையெழுத்தை நிறுத்துங்கள். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் ஏமாறுவது இங்கேதான். அடுத்தவர் நிலத்தில் 20 வருடம் தடையில்லாமல் நடந்தால் வழியுரிமை உண்டு என்கிறது 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம். அரசு நிலமென்றால் 30 வருடம். ஆனால் நடந்தால் மட்டும் போதாது, உரிமையோடு நடந்திருக்க வேண்டும். கேட்டு வாங்கி, அவர் தயவில் நடந்தால் ஐம்பது வருடமானாலும் கணக்கில் வராது. நோட்டில் நீங்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் 'அனுமதி கேட்டுத்தான் போனேன்' என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் சாட்சி. நடைபாதைத் திறப்பு விழாவில் ஊர் சார்பில் 'நன்றிக் கடிதம்' வாங்கினார்களா என்றும் விசாரியுங்கள். சால்வைக்கும் பிரியாணிக்கும் பதிலாகப் போகிற கடிதம் அது. இன்னொன்று: இந்தச் சட்டப்படி உரிமை கேட்பதானால், வழி அடைபட்ட இரண்டு வருடத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

பொதுவழி என்று காட்டிவிட்டால் இந்த 20, 30 எதுவும் வேண்டாம். ஆகவே முதல் வேலை, காகிதத்தில் அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. தாலுகா அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படமும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டு நகலும் கேளுங்கள். 'வண்டிப்பாதை', 'புறம்போக்கு' என்று தனி எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆன்லைன் படத்தில் பாதை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பழைய அளவைப் படத்தின் நகலைக் கேளுங்கள். 'ரெக்கார்டு ரூம் சாவி இல்லை' என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். சாவி கிடைத்துவிடும்.

இரண்டாவது சாட்சி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. மாசி மகத்துக்கு சாமி எந்த வழியாகக் கடலுக்குப் போனது? அந்தப் பாதையில் என்றால், பழைய ஃபோட்டோ, வீடியோ, கோயில் கணக்கு நோட்டு, பந்தோபஸ்து கேட்டுப் போலீசுக்குக் கொடுத்த மனுவின் நகல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். தீர்த்தவாரிக்குப் போகிற சாமி யாரிடமும் நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை. பல்லக்கு இருபுறமும் தோள் கொடுக்கும் ஆட்களோடு போகிற ஃபோட்டோ இருந்தால் பாதையின் அகலமும் அதிலேயே தெரியும்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுவழியை அடைத்ததை அகற்ற உத்தரவிட, முன்பு பழைய சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அதிகாரம் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் இருக்கிறது. வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். 'இங்கே பொதுவழியே கிடையாது' என்று கம்பெனி சொல்லி, நம்பத்தகுந்த ஆதாரமும் காட்டினால், ஆர்.டி.ஓ. நடவடிக்கையை நிறுத்தி, 'சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல வேண்டியதுதான். பலர் தோற்பது இந்த இடத்தில்.

சி.ஆர்.இசட்., அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பற்றிக் கேட்பீர்கள். மண்டலம் ஒன்று, இரண்டு, மூன்று என்ற பிரிவெல்லாம் உங்களுக்கு வேண்டாம். உயர் அலைக் கோட்டுக்கு, அதாவது அலை ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் கோட்டுக்குக் கீழே உள்ள இடம் அரசுடையது. இது 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் யாரும் கடலுக்கு வேலி போடுவதில்லை, கடலுக்குப் போகும் வழிக்குப் போடுகிறார்கள். கடற்கரையில் இரண்டு ஹோட்டல்களுக்கு நடுவே பொதுமக்கள் போக 20 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 1991 சி.ஆர்.இசட். அறிவிக்கையில் எழுதினார்கள். கூடவே, இப்படி ஒரு வழிக்கும் அடுத்த வழிக்கும் நடுவே உள்ள தூரம் 500 மீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் எழுதினார்கள்! மிஞ்சக் கூடாது என்று எழுத நினைத்திருப்பார்கள். 2011-லும் அதே வாசகத்தை அப்படியே போட்டார்கள். இருபது வருடத்தில் ஓர் அதிகாரிகூட அந்த வரியை நிதானமாகப் படிக்கவில்லை. உங்கள் கம்பெனியோ 'இது ஹோட்டல் இல்லை, வில்லா' என்று நழுவும். கம்பெனிக்குக் கொடுத்த சி.ஆர்.இசட். அனுமதி ஆணையை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். ஆணை வந்த சேதி கிராமத்துக்கு எட்டுவதற்குள் அதுவும் ஓடிவிடும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோரக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று அதே 10 ரூபாய் மனுவில் கேளுங்கள். அனுமதி ஆணையின் நிபந்தனைகளையும் லேஅவுட் வரைபடத்தையும் கேளுங்கள். லேஅவுட் சாலையும் திறந்தவெளி ஒதுக்கீடும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் மூலம் போயிருக்க வேண்டும். உங்கள் நாலடி நடைபாதை அந்தப் பத்திரத்தில் இல்லையென்றால், அது அவர்கள் வீட்டுத் திண்ணை மாதிரி.

சமரசத்துக்கு வந்தால் கிரானைட்டைப் பார்த்து மயங்காதீர்கள். படகு இன்ஜினை மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்த நாலடியில் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டி ஐந்து படியில் இறங்காது. படி வேண்டாம், சரிவு வேண்டும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதையை 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், டிசம்பர் மாண்டஸ் புயலில் அது சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். அலை வந்து போகும் இடத்தில் எதைப் போட்டாலும் பராமரிப்பு யார் செலவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மீன்பிடிக்கப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்புவார்கள். ஆகவே 6 மணிக் கணக்கு செல்லாது. பன்னிரண்டு அடி அகலம், கேட் கிடையாது, ஊராட்சி பெயருக்குப் பதிவு செய்த தானப்பத்திரம்: இந்த மூன்றுக்கும் கீழே இறங்காதீர்கள்.

யாராவது ஏற்கெனவே 5,000 கொடுத்திருந்தால், ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மாட்டார். கேட்டதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.