ஆஸ்கர் வாங்கிய ஸ்டுடியோவில் மகளுக்கு வேலை: நம்பி அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் விஸ்காம் முடித்துவிட்டு கம்பாசிட்டிங் (தனித்தனியாகத் தயாரித்த படங்களை ஒரே காட்சியாகச் சேர்ப்பது) பயிற்சியும் எடுத்திருக்கிறாள். சினிமாவுக்குக் கணினியில் காட்சிகள் உருவாக்கும் ஒரு விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட பாண்ட் கேட்கிறார்கள். "ஆஸ்கர் வாங்கின படத்துக்கே வேலை செஞ்ச கம்பெனிப்பா" என்கிறாள். ஆனால் இந்தத் துறையில் கம்பெனிகளைத் திடீரென்று மூடிவிடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். அனுப்பலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: அனுப்பலாம். ஆனால் ஆஸ்கரை நம்பி அனுப்பாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற ஒரு ஸ்டுடியோவின் கதை போதும்.

அந்த ஸ்டுடியோ பிறந்ததே இன்னொரு ஸ்டுடியோ செத்ததால்தான். கணினி வரைகலை விளம்பரங்களில் அன்றைக்குப் பெரிய பெயர், லாஸ் ஏஞ்சலஸின் ராபர்ட் ஏபல் நிறுவனம். டொராண்டோவைச் சேர்ந்த ஆம்னிபஸ் என்ற நிறுவனம் 1986இல் அதையும், டிஜிட்டல் புரொடக்‌ஷன்ஸ் என்ற மற்றொரு ஸ்டுடியோவையும் வாங்கிப் போட்டது. அடுத்த வருடமே கடன் கழுத்தை நெரித்து, மூன்றும் சேர்ந்து மூழ்கின. ஏபலிடம் வேலை பார்த்த ஜான் ஹியூஸும் சில சகாக்களும் 1987இல் தொடங்கியதுதான் ரிதம் அண்ட் ஹியூஸ்.

1993இல் வந்த கோக-கோலா விளம்பரத்தின் பனிக்கரடிகள் இவர்கள் செய்தவை. 1995இல் வந்த 'பேப்' படத்தில் நிஜப் பன்றிக்குட்டியைப் பேச வைத்து முதல் ஆஸ்கரில் பங்கு பெற்றார்கள். 'த கோல்டன் காம்பஸ்' படத்துக்கு இன்னொரு ஆஸ்கர். உரோமம் உள்ள பிராணி என்றால் இவர்களிடம் போ என்று ஹாலிவுட்டில் ஒரு பேச்சே உண்டானது. மும்பை, ஹைதராபாத், கோலாலம்பூர், வான்கூவர், தைவான் என்று கிளைகள் விரிந்தன. பிறகு 'லைஃப் ஆஃப் பை'. புதுச்சேரிப் பையனோடு படகில் மிதக்கும் அந்தப் புலி, சில ஷாட்களில் நிஜம். பெரும்பாலானவற்றில் இவர்களின் கைவண்ணம். எது எது என்று இன்றைக்கும் என்னால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. இருபது வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன்!

உலகம் முழுக்க 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். ஆனால் 2013 பிப்ரவரியில், விருது விழாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போது, ரிதம் அண்ட் ஹியூஸ் திவால் மனு போட்டது. சுமார் 250 பேருக்கு வேலை போனது. பிப்ரவரி 24 அன்று, அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகையோடு நிற்க, உள்ளே அந்த ஸ்டுடியோவின் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையேறி ஆஸ்கரை வாங்கினார். நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றி அவர் பேச்செடுத்ததும், பேச்சை முடிக்கச் சொல்லி 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தின் இசையை ஒலிக்கவிட்டு மைக்கையும் அணைத்துவிட்டார்கள்.

எப்படி இந்த நிலை வந்தது? உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோவுக்குப் படத்தின் லாபத்தில் பங்கு கிடையாது. "இத்தனை ஷாட், இவ்வளவு தொகை" என்று முன்கூட்டியே பேசி முடிக்கிற கான்ட்ராக்ட்தான். வீடு கட்டும் மேஸ்திரியிடம் மொத்தத் தொகை பேசிவிட்டு, சுவர் எழும்பிய பிறகு ஜன்னலை அந்தப் பக்கம் மாற்றச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் இங்கே தினமும் நடக்கிறது. இயக்குநர் பத்தாவது முறை திருத்தம் சொல்வார். கூடுதல் தொகை கேட்டால் அடுத்த படம் கைநழுவிவிடுமோ என்று ஸ்டுடியோ வாயை மூடிக்கொள்ளும். அதைவிடக் கொடியது தாமதம். படப்பிடிப்பு நான்கு மாதம் தள்ளிப்போனால் தயாரிப்பாளர் தேதியை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டுடியோவோ அந்த நான்கு மாதமும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இத்தோடு, வரிச்சலுகை தரும் ஊர்களுக்கு வேலை ஓடிக்கொண்டே இருந்ததால் லாஸ் ஏஞ்சலஸில் பெரிய கடை வைத்திருந்தவர்களுக்கு அடி பலம்.

'லைஃப் ஆஃப் பை'யில் கப்பல் மூழ்கும் புயல் காட்சியைச் செய்த லண்டனின் எம்பிசி ஸ்டுடியோவும் தப்பவில்லை. அதன் தாய் நிறுவனமான டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது பெங்களூரு, மும்பையில் சுமார் 3,000 பேர் தெருவுக்கு வந்தார்கள்.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? முதலில், வேலை எங்கிருந்து வருகிறது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே கிளையன்டை நம்பியிருக்கும் ஸ்டுடியோ என்றால் யோசியுங்கள். ஒரு படம் முடிந்து அடுத்தது வரும்வரை ஆர்ட்டிஸ்டுகளை என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்கட்டும். நேர்காணல் எடுத்தவர் இதற்கு மழுப்பினால், அங்கேயே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டால் உண்மை வந்துவிடும்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகளைப் பார்க்கலாம். சொத்தின் மேல் எவ்வளவு கடன் பதிவாகியிருக்கிறது என்பதும் அங்கே தெரியும். பெண் பார்க்கப் போகும்போது அத்தனை விசாரிக்கிற நாம் இதை ஏனோ செய்வதில்லை.

சேர்ந்த பிறகு பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும். கையில் காசு இறுகும்போது நிர்வாகம் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இதில்தான். நான் முன்பு இருந்த ஒரு சிறிய ஸ்டுடியோவில் சம்பளம் நிற்பதற்கு ஐந்து மாதம் முன்பே பிஎஃப் நின்றிருந்தது. சம்பளம் நின்ற பிறகுதான் நாங்கள் பாஸ்புக்கைத் திறந்தே பார்த்தோம்.

மகளுக்கு என்ன வேலை தருகிறார்கள் என்பதும் முக்கியம். ரோட்டோவில் (காட்சியில் உள்ள உருவங்களை ஒவ்வொரு ஃப்ரேமாக வெட்டிப் பிரிக்கும் ஆரம்ப நிலை வேலை) போட்டு இரண்டு வருடம் அங்கேயே வைத்திருப்பார்களா, கம்பாசிட்டிங்குக்கு மாற்றுவார்களா? ரிதம் அண்ட் ஹியூஸ் அனிமேஷனுக்கு 'வூடூ' என்ற சொந்த மென்பொருள் வைத்திருந்தது. அருமையான கருவிதான், ஆனால் வெளியே வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. நியூக், ஹுடினி போல எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் கருவியில் கை பழகினால் ஸ்டுடியோ போனாலும் பிழைப்பு போகாது. படம் வெளியான பிறகு தன் ஷாட்களை ஷோரீலில் (வேலை தேடும்போது காட்டும் தொகுப்பு வீடியோ) காட்ட அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பாண்ட் விஷயம். பாதியில் விலகினால் எவ்வளவு, எதற்காக என்று தொகை தெளிவாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு ஆன நியாயமான செலவு என்றால் ஏற்கலாம். மூன்று மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் பாண்ட் தானாக ரத்தாகும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் மட்டும் கொடுக்கவே வேண்டாம், நகல் போதும். அதற்கு ஒத்துவராத இடம் என்றால், எத்தனை ஆஸ்கர் படம் செய்திருந்தாலும் மகளை வேறு ஸ்டுடியோ பார்க்கச் சொல்லுங்கள்.