தேவையும் கோரிக்கையும் ஒண்ணுதானா?

வீட்ல மனசு விட்டுக் கேட்டாலும் சண்டையாகுது, தேவையும் கோரிக்கையும் ஒண்ணுதானேன்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க, பாதி சண்டை இந்தக் குழப்பத்துலதான் வருது. 1960கள்ல அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் உருவாக்குன பேச்சு முறையில நாலு படி: கண்ணால பார்த்தது, உணர்வு, தேவை, கோரிக்கை. தேவைங்கறது ஓய்வு, துணை, மரியாதை மாதிரி எல்லாருக்கும் பொதுவானது, அதுல இன்னொருத்தர் பேரே வராது. கோரிக்கைங்கறது அந்தத் தேவைக்காக ஒருத்தர்கிட்ட இன்னதைச் செய்யுங்கன்னு கேக்கறது. வீட்டுக்காரர்கிட்ட "எப்பப் பாரு போன்தானா"ன்னா அவர் காதுல திட்டு மட்டும்தான் விழும். "நாள் பூரா குழந்தையோட தனியா இருந்து சோர்வா இருக்கு, உங்ககூட ரெண்டு வார்த்தை பேசணும், சாப்பிடற 20 நிமிஷம் போனை ஷெல்ஃப்ல வெச்சிடறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. வெறுமனே "அக்கறையா இருங்க"ன்னா, பாவம், அவர் என்னதான் செய்வார்? "இன்னைக்கு முடியாது"ன்னு அவர் சொன்னதும் சுருக்குன்னு கோவம் வந்தா நீங்க கேட்டது கோரிக்கை இல்ல, கட்டளை. அப்ப "சரி, எப்ப முடியும்?"னு கேளுங்க.