கிண்டுவில் வேலை: போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிண்டு நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கர் வேலை வந்திருக்கிறது, அங்கே இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம் தம்பி. நானும் அப்படி ஒரு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன்தான்.

கிண்டு, மனியேமா மாகாணத்தின் தலைநகர். அதற்காகப் பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு விமானம்; நம்பி வர வேறு வழி கிடையாது. தெற்கே லுபும்பாஷியிலிருந்து வரும் ரயில் பாதை இங்கேதான் முடிகிறது, ஆனால் ரயில் என்றைக்கு வரும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். வடக்கே லுவாலாபா ஆற்றில், அதாவது காங்கோ ஆற்றின் மேல்பகுதியில், உபுண்டு வரை படகு போகும். அதற்குக் கீழே போயோமா அருவிகள். அதனால் சரக்கை இறக்கி, 125 கி.மீ. ரயிலில் ஏற்றித்தான் கிசங்கானி நகருக்குக் கொண்டுபோகவோ அங்கிருந்து கொண்டுவரவோ வேண்டும். இத்தனை ஏற்றி இறக்குவதால்தான் இங்கே சிமென்டும் சர்க்கரையும் அவ்வளவு விலை. உங்கள் வேலையும் இதிலேதான் இருக்கிறது. பேரேடு எழுதுவது சுலபம். சரக்கு எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று விடாமல் விசாரிப்பதுதான் பாடு.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், மனியேமாவில் நெல் விளைகிறது. 19ஆம் நூற்றாண்டில் தந்தத்துக்கும் அடிமைகளுக்குமாக சான்சிபார் பக்கத்திலிருந்து வந்த வணிகர்களோடு வந்த பயிர் அது. சுவாஹிலி மொழியும் அவர்களோடு வந்ததுதான். அலுவலகத் தாளுக்குப் பிரெஞ்சு வேண்டும், ஆனால் கடையில் சுமை தூக்குபவரோடும் வாடிக்கையாளரோடும் சுவாஹிலிதான், அதை முதலில் பிடியுங்கள். மரவள்ளி இலையை இடித்துப் பாமாயிலில் வேகவைக்கும் சொம்பே சோற்றுக்கு நன்றாகவே சேரும். புளியும் பருப்பும் மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள். உடம்பு லேசாகச் சுட்டாலும் அன்றைக்கே மலேரியா பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்பது இங்கே ஆகாது. டாலர் புழங்கும், ஆனால் கிழிசலோ கறையோ இருந்தால் வாங்க மாட்டார்கள். மின்சாரத்துக்கு சோலாரையும் ஜெனரேட்டரையும் நம்பித்தான் பிழைப்பு.

அப்புறம், பாதுகாப்பு. 2025 தொடக்கத்தில் கிழக்கே கோமா, புகாவு நகரங்கள் எம்23 என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போயின. கிண்டு அந்த ஊர்கள் அல்ல, ஆனால் அதே கிழக்குக் காங்கோதான். அவசரமாக வெளியேற நேர்ந்தால் டிக்கெட் யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலை அனுமதியும் முறையான விசாவும் அவர்கள் பொறுப்பு என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும்; முதலாளி கேட்டால் நகல் கொடுங்கள்.

சம்பளம் எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையதா என்று நீங்கள் எழுதவில்லையே. அதைச் சொன்னால் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.