எக்கோ நார்மல், படபடப்பு மட்டும் நிற்கவில்லை: இ.பி. டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 36 வயது, ராசிபுரம் பக்கம் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கழுத்தில்கூடத் துடிப்பு தெரிகிறது. அரை மணி நேரம் இருந்துவிட்டு சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடுவதால் ஈ.சி.ஜி. எப்போதும் நார்மல். டென்ஷன் என்று மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. இப்போது ஒரு டாக்டர், இதயத் துடிப்புக்கென்றே இருக்கும் இ.பி. டாக்டரைப் பாருங்கள் என்கிறார். எக்கோ நன்றாக இருக்கும்போது இது அவசியமா?

பதில்: அவசியம், தள்ளிப்போடாமல் பாருங்கள். எக்கோவில் தெரிவது இதயத்தின் தசையும் வால்வும்தான். துடிப்பைக் கிளப்பும் மின்சாரம் எந்த வழியில் ஓடுகிறது என்பது அதில் தெரியாது. பயத்தாலோ டென்ஷனாலோ வரும் படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். உங்களுக்கோ சட்டென்று வந்து சட்டென்று நிற்கிறது, கழுத்திலும் அடிக்கிறது. நின்ற பிறகு சிறுநீர் நிறையப் போகிறதா என்று கவனியுங்கள், அதுவும் ஒரு தடயம். இதயத்துக்குள் மின்சாரம் குறுக்கு வழியில் புகுந்து வட்டமடிக்கும் எஸ்.வி.டி. என்ற கோளாறில் இப்படித்தான் இருக்கும். துடிப்பு நிமிடத்துக்கு 150, 200 என்றுகூடப் போகும். இதோடு வரும் பெண்களை, முழுதாகக் கேட்காமலே ‘மனசைத் தளரவிடாதீங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவது நிறைய நடக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இ.பி. டாக்டர் என்பவர் இதய நோய் படிப்பை முடித்து, அதற்கு மேல் துடிப்புக் கோளாறுகளில் தனிப்பயிற்சி எடுத்தவர். எல்லா ஊரிலும் இருக்க மாட்டார், பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் உள்ளூரிலேயே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் ரத்தசோகையும் தைராய்டும் படபடப்பைக் கிளப்பக்கூடியவை.

ஆனால் அவர் கையில் நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பொருள், படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஒரு ஈ.சி.ஜி. அடுத்த முறை வந்தால் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி அலையாமல், ஈ.சி.ஜி. மெஷின் இருக்கும் பக்கத்து கிளினிக்குக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், ‘முதல்ல ஈ.சி.ஜி. எடுத்துடுங்க, அப்புறம் மருந்து கொடுங்க’ என்று தயங்காமல் கேளுங்கள். துடிப்பை நிறுத்த ஊசி போட்டால், போடும்போதும் பேப்பர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஏனென்றால் அது எந்த இடத்தில், எப்படி நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட பேப்பர் நாளடைவில் மங்கிப்போகும், லேமினேஷன் போட்டால் சூட்டில் கறுத்துவிடும். அன்றைக்கே போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய உடம்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவியான ஹோல்டரை மாட்டிக்கொள்ளலாமே என்றால், தினமும் வருகிறவர்களுக்கு 24 மணி நேர ஹோல்டர் போதும். மாதம் ஒரு தடவை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதில் எதுவும் சிக்காது, நாள் கணக்கில் மாட்டும் கருவிகள் வேண்டும்.

துடிப்பை அடக்க ஒரு எளிய முயற்சியும் உண்டு. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாயை வைத்து, உள்ளேயிருக்கும் தண்டு அசையும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். ஊதி முடித்ததும் மல்லாக்கப் படுக்க, இன்னொருவர் இரண்டு காலையும் 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இப்படிச் செய்தபோது 100 பேரில் 43 பேருக்குத் துடிப்பு சீரானது. உட்கார்ந்தபடியே ஊதியவர்களில் 17 பேருக்குத்தான். உங்கள் உடம்புக்கு இது ஏற்றதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அவர் எதிரிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

எஸ்.வி.டி. என்று உறுதியானால் மாத்திரையும் உண்டு, அப்லேஷனும் உண்டு. அப்லேஷன் என்றால் நெஞ்சைத் திறப்பதில்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர்களை அனுப்பி, கோளாறான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் சூடு வைக்கிறார்கள். உங்கள் வயதில் அதிகம் காணப்படும் வகைக்கு 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. சுமார் 100-ல் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ, மின்சாரத்தின் இயல்பான வழியும் அடிபட்டு, துடிப்பைத் தூண்டும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம், இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். செலவுக்கு, முதல்வர் காப்பீட்டில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள்.

மயக்கம் போட்டாலோ, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தாலோ ஊதிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பி.பி. உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். இப்போது படபடப்பே இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை படபடப்புக்காகக் கொடுத்தது அல்ல, பக்கவாதம் வராமல் இருக்கக் கொடுத்தது. இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். நெஞ்சு அமைதியாக இருந்தாலும், வயதும் பி.பி.யும் இருக்கிற அப்பாவுக்கு அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. பல் பிடுங்கப் போனால்கூட மாத்திரையைத் தானாக விடாமல், பல் டாக்டரிடம் சொல்லி, இதய டாக்டரிடமும் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டு ஒன்று அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.