ஏதென்ஸில் ஜன்னலை எப்போது திறக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்குக் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் நிறுவன வேலை. குடும்பத்தோடு ஏதென்ஸ் போகிறோம். எட்டு வயது மகனுக்கு ஆஸ்துமா இருக்கிறது. நகரின் வடக்கே மலையடிவாரத்துப் புறநகர்களில் மரங்கள் அதிகம், அங்கே காற்று சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். அங்கே வீடு எடுக்கலாமா?

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மரம் இருக்கும் இடத்தில் காற்று நன்றாக இருக்கும் என்ற கணக்கு ஏதென்ஸின் கோடையில் பொய்த்துவிடும்.

ஏதென்ஸ், மூன்று பக்கம் சுவர் எழுப்பிய முற்றம் போன்றது. மேற்கே எகாலியோ மலை, வடக்கே 1,413 மீட்டர் உயரப் பார்னிதா, வடகிழக்கே பெண்டெலி, கிழக்கே இமிட்டோஸ். தென்மேற்கில் மட்டும் சரோனிக் வளைகுடாவை நோக்கித் திறந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் 'மெல்தெமி' என்ற வடகாற்று பலமாக வீசினால், நகரத்து அழுக்கைக் கடலுக்குத் தள்ளிவிடும். அந்தக் காற்று ஓய்ந்த நாட்களில்தான் தொல்லை. பகலில் கடற்காற்று உள்ளே புகுந்து, நகர மையத்து வாகனப் புகையை வடக்கு நோக்கி நகர்த்துகிறது. போகும் வழியில் கடும் வெயில் அந்தப் புகையிலிருந்து, மூச்சுக்குழாயை உறுத்தும் ஓசோனை உண்டாக்குகிறது. நகர மையத்தில் வாகனங்களிலிருந்து புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஓசோனின் ஒரு பகுதியை அங்கேயே தின்றுவிடும். புறநகரில் அதற்கு வழி குறைவு. அதனால் வடக்குப் புறநகரான மரூசி முதல் பார்னிதா அடிவாரம் வரை, நீங்கள் ஆசைப்படும் அதே பசுமைப் பகுதிகளில், கோடைப் பிற்பகலில் ஓசோன் மையத்தைவிட அதிகமாக இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஓடியாடும் குழந்தைக்குத்தான் முதலில் மூச்சு இளைக்கும்.

ஓசோன் ஒரு வாயு என்பதால் துகளை வடிகட்டும் சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. மூடிய வீட்டுக்குள் அது வேகமாகக் குறைந்துவிடும். எனவே கோடையில் ஜன்னலை விடியற்காலையில் திறந்து, முற்பகலிலேயே மூடிவிடுங்கள். மகனின் விளையாட்டு காலையோடு முடியட்டும். ஓசோன் ஒரு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 180 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அன்று மாலை பூங்கா வேண்டாம்.

குளிர்காலத்தில் இந்த நேரக்கணக்கு அப்படியே தலைகீழாகும். டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி பாதி வரை, காற்றில்லாத தெளிந்த வெயில் நாட்கள் இடையிடையே வரும். கிரேக்கர்கள் அவற்றை மீன்கொத்தியின் பெயரால் 'ஆல்கியோனிதெஸ்' நாட்கள் என்று கொண்டாடுகிறார்கள். பழங்கதையில் அந்தப் பறவை அடைகாக்கக் கடல் அமைதியாகும் காலம் அது. பகல் அருமையாக இருக்கும், ஆனால் இரவை நம்பாதீர்கள். தரை வேகமாகக் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சற்று வெப்பமான காற்று அதன்மேல் மூடி போலவும் நின்றுவிடும். வீடுகளின் விறகுப் புகை அந்த மூடிக்கு அடியிலேயே தங்கும். பொருளாதார நெருக்கடியின்போது, 2012 இல் வெப்பமூட்டும் எண்ணெய் மீதான வரி உயர்ந்த பிறகு, பலர் விறகுக்கு மாறினார்கள். வண்ணம் பூசிய பழைய மரச்சாமான்களைக்கூட எரித்தார்கள். குளிரில் நடுங்கியவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. ஆகவே குளிர்காலத்தில் நண்பகலில் ஜன்னலைத் திறந்து, இருட்டுவதற்குள் மூடுங்கள்.

வசந்த காலத்தில் தென்காற்றோடு சகாராவின் தூசி வரும். 2024 ஏப்ரல் 23 அன்று நகரமே செம்மஞ்சளாக மாறி, குன்றின்மேல் உள்ள பழங்கோட்டையான அக்ரோபோலிஸ் மங்கித் தெரிந்தது. இத்தகைய நாட்களில் நுண்துகளை வடிகட்டும் எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம் பயன்படும். அடுத்து மழை பெய்தால் கார்களின்மேல் சேறு படியும். அதை உலரவிட்டுத் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காட்டுத்தீயை முன்கூட்டிக் கணிக்க முடியாது. 2024 ஆகஸ்டில் பெண்டெலி பக்கம் பரவிய தீ வடகிழக்குப் புறநகர் வீடுகளையே தொட்டது. மலையடிவாரத்தைத் தவிர்க்க இது இரண்டாவது காரணம்.

என் யோசனை, பாலையோ ஃபாலிரோ போன்ற தெற்குக் கடலோரப் பகுதி. கடற்காற்று நகரத்தைத் தொடும் முன்பே அங்கே வந்துவிடும், பிரேயஸும் அருகில்தான். துறைமுகத்துக் கப்பல் புகையைப் பற்றியும் நீங்கள் நினைக்கலாம். 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடல் முழுவதும் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அது கந்தகப் புகையைக் குறைக்கும், மூச்சுக்குழாயை உறுத்தும் நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. அதனால் துறைமுகத்தை ஒட்டியே வீடு எடுக்காதீர்கள்.

கடற்கரைச் சாலையை நேரே பார்க்கும் அடுக்ககமும் வேண்டாம். இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, மேல்மாடியில் பாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது, பக்கத்து மொட்டைமாடிகளில் எத்தனை புகைபோக்கிகள் உங்கள் ஜன்னல் உயரத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கிளம்புமுன் மகனின் மருத்துவரிடம் இன்ஹேலர் பயன்படுத்தும் முறையைப் பருவவாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் அங்குள்ள மருத்துவரிடம் காட்ட வசதியாக இருக்கும்.